கடல் பக்கத்துக் கதவு: ஒரு 141 ஆக்ஸியோவும் வாக்ஸ் பேணிகளும்

2023 டிசம்பர் கடைசி ஞாயிறு. வெயில் ஒழுங்கைக்குள் இறங்குவதற்கு முன் காரைக் கழுவி முடிப்போம் என்று வாளியோடு கீழே வந்தேன். டிக்கி மூடியைத் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது: வெள்ளைப் பெயின்றின் மேல் ஊசிமுனை அளவில் செம்மஞ்சள் புள்ளிகள். தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகம்தான் தேய்ந்தது. கூரையிலும் அதேதான். இடப்பக்கக் கதவுகள் இரண்டும் அம்மை போட்ட பிள்ளையின் முதுகு மாதிரி.

மனிசியின் தாய்மாமா எங்கள் தொடர்மாடியிலேயே மூன்றாம் மாடியில் இருக்கிறார். ஞாயிறு காலையில் பேப்பரோடு கீழே வந்து, நான் செய்வதையெல்லாம் மேற்பார்வை செய்வது அவருடைய வழக்கம்.

“தம்பி, உது கறள். உள்ளுக்குத் தகரம் உக்கத் தொடங்கிட்டுது. நேரத்தோட வித்துப் போடும்.”

“இப்ப வித்துப்போட்டு என்னத்தில போறது மாமா?”

“அப்ப மண்ணெண்ணெயைத் துணியில நனைச்சு ஒருக்கா இழுத்து விடும். போயிடும்.”

மாமா சொன்னதில் பாதி சரி. அது கறள்தான். ஆனால் என் காரின் கறள் இல்லை, ரயிலின் கறள். கொழும்பில் எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கி மரைன் டிரைவில் முடிகிறது. மரைன் டிரைவைத் தாண்டினால் தண்டவாளம், அதற்கப்பால் கல்லும் கடலும். கோட்டையிலிருந்து பாணந்துறைப் பக்கமும் மாத்தறைப் பக்கமும் போகும் ரயில்கள் நாள் முழுக்க அதில் ஓடுகின்றன. சில்லு தண்டவாளத்தில் உரசும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இரும்புத் தூள் பறக்கிறது. அது வந்து பெயின்றில் ஒட்டிக்கொள்ளும். கடல் காற்றின் உப்பீரம் பட்டதும் தூள் கறள் பிடிக்கும். பெயின்றுக்கு மேலே முள்ளுத் தைத்தது மாதிரி நிற்கிறதே தவிர, கீழேயிருக்கும் தகரத்துக்கு அப்போதைக்கு ஒன்றும் ஆகவில்லை. விட்டுவிட்டால் மெல்ல மெல்லக் கீழே அரிக்கும் என்பதும் உண்மை.

கார் 2011ஆம் ஆண்டு டொயோட்டா ஆக்ஸியோ, எங்கள் ஊர்ப் பாஷையில் ‘141’. விற்று வேறொன்று எடுக்கும் கதை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு எங்கள் வீட்டில் முடிந்துபோனது. இருக்கிறதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இதற்கு முன் நான் காருக்குச் செய்த ஒரே அழகுக்கலை ‘கட் அன் பொலிஷ்’தான். 2021இல் ஒரு சேர்விஸ் நிலையத்தில் கொடுத்தேன். பெடியன் ஒருவன் மெஷினைப் பூட்டி, பசையை நாலு பக்கமும் தெறிக்கவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் காரைக் கண்ணாடி ஆக்கினான். வீட்டுக்கு வந்தபோது எல்லோருக்கும் புளுகம். இரண்டு கிழமை கழித்து இரவு பெற்றோல் ஷெட் வெளிச்சத்தில் பார்த்தால், பொனற் முழுக்கச் சிலந்திவலை. அழுக்குப் பஞ்சுத் தட்டை அப்படியே பூட்டி ஓட்டியிருக்கிறான். பொனற்றின் ஓரமடிப்பில் பெயின்ற் மெலிந்து சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது.

அதைக் காட்டத்தான் முதன்முதலில் தெமட்டகொடையில் பெயின்ற் நானாவிடம் போனேன். அவர் ஒரு கறுப்புத் துணியில் பழுப்பு நிறக் கட்டிங் பசை கொஞ்சம் எடுத்து, டிக்கியில் மெல்லத் தேய்த்துக் காட்டினார். துணி வெள்ளையாகியது. பொனற்றில் தேய்த்தார், பசையின் நிறம் மட்டுமே இருந்தது.

“பொனற் ஏற்கெனவே ஆரோ அடிச்சது தம்பி, மேல கிளியர் கோட் இருக்கு. மத்த இடமெல்லாம் கம்பனிப் பெயின்ற், மேல கிளியர் இல்ல. நீங்க காசு குடுத்துப் பெயின்றையே சுரண்டி எடுத்திருக்கீங்க.”

கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாப் பூச்சு, இருக்கும் கார்களிலும் அது பொதுவாக 40, 50 மைக்ரோன்தான். ஒரு தலைமயிரின் தடிப்புக்கூட வராது. ஒவ்வொரு ‘கட்’டும் அதில் ஒரு பங்கைத் தின்னும். அன்றைக்கு நானா சொன்ன இன்னொன்றுதான் இந்த முழு வேலைக்கும் வித்து: “பளபளப்பு வேணாம் தம்பி, மேல ஒரு தோல் வேணும். அந்தத் தோல் போகப் போக நீங்களே போடணும்.”

அந்தத் தோல் எது என்று தேடப் போனால் தலை சுற்றும். பஞ்சிகாவத்தையில் ஒரே தெருவில் நாலு கடை ஏறினால் நாலு பேணி காட்டுவார்கள், நாலுமே ‘பெஸ்ட்’. நான் விளங்கிக்கொண்ட அளவில் வகை மூன்று.

முதலாவது கார்னௌபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படியும் மெழுகு. வறண்ட இடத்தில் ஓலையின் ஈரம் போகாமல் காக்க மரம் தானே பூசிக்கொள்வது. பனையோடு பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு இந்தச் செய்தியைக் கேட்டதும் ஒரு சொந்தம் வந்துவிடும். அந்தப் பாசத்தில்தான் ஒரு பேணி வாங்கினேன். மெழுகு உருக 82 முதல் 86 பாகை வேண்டும், எனவே கொழும்பு வெயில் இதற்குத் தூசு என்று கடைக்காரர் சொன்னார். கணக்குச் சரி. ஆனால் பேணிக்குள் இருப்பது தனி மெழுகு இல்லை. எண்ணெய், கரைப்பான், வேறு மெழுகுகள் எல்லாம் சேர்ந்த கலவை அது.

இரண்டாவது, செயற்கைப் பொலிமர்ப் பூச்சு. சீலன்ட் என்பார்கள். அழகு கொஞ்சம் குறைவு, ஆயுள் கூட. அதில் ஜப்பானின் சொஃப்ட்99 கம்பனியின் ஃபுஸ்ஸோ கோட் 200 கிராம் பேணியை எடுத்தேன். ஃபுஸ்ஸோ என்றால் ஜப்பான் மொழியில் ஃபுளோரின். வெளிர் நிறக் கார்களுக்கு ஒரு பேணி, கடும் நிறத்துக்கு ஒரு பேணி. மேலே ‘12 மாதம்’ என்று போட்டிருக்கிறது. கொலினைட் 845, எஃப்கே1000பி என்ற பெயர்களும் விசாரித்த இடங்களில் அடிபட்டன, குறிப்பாகச் சில்லுகளுக்கு. நான் தேடிய நேரத்தில் கைக்குக் கிடைத்தது ஃபுஸ்ஸோ, அவ்வளவுதான்.

மூன்றாவது சிலிக்கா கலந்த பூச்சு. அதில் பெரிய அண்ணன் ‘9எச் செரமிக்’. ஒரு கடையில் சொன்ன விலைக்குக் காருக்கு நாலு ரயரும் போட்டு மிச்சக் காசில் நல்லூர்த் திருவிழாவுக்கும் போய் வந்திருக்கலாம். அந்த 9எச் பென்சில் கடினத்தின் அளவு, வைரத்தை அளக்கும் மோஸ் அளவு இல்லை. கல்லுப் பட்டால் கீறும். என் கார் நிற்பது திறந்த வெளியில். உப்புத் தண்ணீர் காய்ந்தால் செரமிக்கிலும் கறை பிடிக்கும், கழுவும் வேலையும் குறையாது. அதனால் அண்ணனை விட்டுவிட்டுத் தம்பியை வாங்கினேன்: சிலிக்கா கலந்த ஸ்பிரே, அடித்துத் துடைக்கும் சாமான்.

2024 ஜனவரி இரண்டாம் சனி வேலையைத் தொடங்கினேன். அந்த மாதத்தைத் தெரிந்தேதான் எடுத்தேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும், உப்பு நுரையையும் அள்ளிக்கொண்டு வரும். ஜனவரியில் காற்று தரைப் பக்கத்திலிருந்து வருகிறது, மழையும் குறைவு. பூசியது இறுக ஓர் இரவாவது ஈரம் படாமல் இருக்க வேண்டும். கொழும்பில் அதற்கு உத்தரவாதமுள்ள மாதங்கள் சொற்பம்.

கழுவுவது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அதுவரை என் முறை: ஒரு வாளி, கிண்ணம் கழுவும் திரவம், பழைய சாரத்தின் கிழிசல். சாரம் மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் மணல் ஒன்று அதில் மாட்டினால் கார் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டு போகும். இந்த முறை இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஒவ்வொரு தகட்டுக்கும் பிறகு வெறும் தண்ணீரில் அலசி, அதன் பிறகுதான் ஷம்பூவில் தோய்ப்பது. முடிவில் வெறும் தண்ணீர் வாளியின் அடியில் படிந்திருந்த மணலைப் பார்த்தபோது, இத்தனை வருடமும் அதையெல்லாம் பெயின்றில் தேய்த்திருக்கிறேனே என்று வயிற்றைக் கலக்கியது. தண்ணீரும் முக்கியம். எங்கள் தொடர்மாடியில் ஒரு கிணற்றுப் பைப்பும் இருக்கிறது. கடலுக்குப் பக்கத்துக் கிணறு, வாயில் வைத்தால் கரிக்கும். காரை அதில் அலசினால் உப்பை உப்பால் கழுவுகிற கதை. நீர்வழங்கல் சபைக் குழாய்த் தண்ணீர்தான் பிடித்தேன்.

பிறகு இரும்பு கரைக்கும் மருந்து. அதில் இருப்பது தயோகிளைகோலேட், சலூனில் தலைமயிர் சுருட்டும் மருந்தின் குடும்பம். மணம் அழுகிய முட்டை. இடப்பக்கக் கதவில் அடித்து ஒரு நிமிடம் ஆகவில்லை, ஒவ்வொரு செம்மஞ்சள் புள்ளியும் ஊதா நிறமாகிக் கண்ணீர் மாதிரி வழியத் தொடங்கியது. வாசல் வோச்சர் ஹட்டன்காரர். பதறி ஓடி வந்தார்.

“சார், வண்டிக்கு ரத்தம் வருது!”

மனிசி பல்கனியிலிருந்து, மணம் வீட்டுக்குள் வருகிறது, யன்னலைப் பூட்டவா என்று கேட்டாள். மாமா மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கதவைக் கிட்டப் போய்ப் பார்த்தார். மூன்று நாலு நிமிடத்தில், காயவிடாமல் அலச வேண்டும். வலப்பக்கக் கதவில் அதையே அடித்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊதா. கார் நிறுத்தும் இடத்தில் இடப்பக்கம் மேற்கைப் பார்க்கிறது, கடலும் தண்டவாளமும் அந்தப் பக்கம். ஒரே காரில் இரண்டு கதவுக்கு இரண்டு தலையெழுத்து. அன்றைக்கு அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

மருந்தில் கரையாததைக் களிக்கட்டி எடுக்கும், கார்ப் பெயின்றுக்கென்றே விற்கும் ‘கிளே பார்’. ஷம்பூத் தண்ணீரை வழுக்கலுக்கு விட்டு, கட்டியை அமுக்காமல் மேலால் ஓட்ட வேண்டும். போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: கையை மெல்லிய ஷொப்பிங் பேக்குக்குள் விட்டுப் பெயின்றைத் தடவினால், வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பும் பையோடு தெரியும். வழவழப்பு வரும்வரை ஓட்டினேன். கூரையில் பாதி முடிந்தபோது கட்டி கைதவறி நிலத்தில் விழுந்தது. நிலத்தில் விழுந்த களி குப்பைக்குத்தான், கழுவினாலும் மணல் போகாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும், விலையை நினைத்து அழுக்குப் பக்கத்தை உள்ளே மடித்துவிட்டுத் தொடர்ந்தேன். கூரையின் பின்பாதியில் இன்றைக்கும் நிற்கும் இரண்டு நீளக் கோடுகள் அந்தக் கஞ்சத்தனத்தின் வட்டி.

கடைசியாகப் பார்மசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பாதித் தண்ணீர் கலந்து துணியால் துடைத்தேன். பழைய மெழுகு, ஷம்பூவின் வழுக்கல், கை எண்ணெய் எல்லாம் போனால்தான் புதுப் பூச்சு பெயின்றைப் பிடிக்கும். இவ்வளவுக்கும் பின்னேரம் ஆகிவிட்டது. பூச்சுக்குப் போனது மறுநாள் மூன்றரை மணித்தியாலம்தான். ஆயத்தம் ஒரு முழு நாள்.

பொனற்றை மட்டும் பரிசோதனைக்கு ஒதுக்கினேன். மாஸ்கிங் ரேப் ஒட்டி மூன்று பட்டை: முன் கண்ணாடிப் பக்கம் கார்னௌபா, நடுவில் ஃபுஸ்ஸோ, மூக்கில் சிலிக்கா ஸ்பிரே. பட்டைகளைக் குறுக்காக ஒட்டியதற்குக் காரணம் உண்டு. நெடுக்காக ஒட்டினால் ஒரு பட்டை கடலுக்குக் கிட்டப் போய்விடும். மூக்குப் பட்டைதான் பூச்சியும் கல்லும் அதிகம் வாங்கும் என்பது பிறகுதான் உறைத்தது. கதவுகள், மட்காட், கூரை, டிக்கி எல்லாம் ஃபுஸ்ஸோ.

பூசுவதில் விட்ட பிழை இரண்டு. காலை ஏழுக்குத் தொடங்கியவன் பத்தரை வரை இழுத்தேன். கூரை அதற்குள் தோசைக்கல். சூட்டில் பூசிய மெழுகு வந்த வேகத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டது, தேய்த்து எடுக்கத் தோள்மூட்டுக் கழன்றது. ஒரு தகட்டுக்குப் பூசி, மங்கலாக வரும்வரை பொறுத்து, விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். விரல் போன கோடு துப்புரவாக இருந்தால் துடைக்கலாம், மெழுகு அப்பினால் இன்னும் பொறுக்க வேண்டும். முழுக் காருக்கும் பூசிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து துடைப்போம் என்பவர்கள் கண்ணீர் விடுவார்கள். மெல்லிய பூச்சுக்கு முழுக் காருக்கும் ஒரு தேக்கரண்டி அளவு போதும். தடிப்பாக அப்பியதில் மிச்சமெல்லாம் துணியோடு போய்விடும்.

அடுத்த பிழை கறுப்புப் பிளாஸ்ரிக். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் அந்தச் சொரசொரத்த பாகத்தில் மெழுகு பட்டுக் காய்ந்தால் வெள்ளைத் தேமல் மாதிரி நிற்கும். பல்துலக்கும் பழைய பிரஷோடு கால் மணித்தியாலம் மினக்கெட்டேன். ரேப் ஒட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை.

சில்லுக் கதை வேறு. பெயின்றுக்கு எதிரி வெளியிலிருந்து வருகிறது, சில்லுக்கு எதிரி உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் பிரேக் பேடும் டிஸ்கும் தேய்ந்து சூடான இரும்புத் தூள் றிம்மில் போய்க் குத்துகிறது. காலி வீதி நெரிசலில் நாளுக்கு எத்தனை முறை பிரேக் மிதிக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் போதும். இரும்பு மருந்தை முன் றிம்மில் அடித்ததும் வழிந்தது ஊதா இல்லை, கத்தரிக்காய்க் கறி.

முதல் நாள் சோம்பலில், முன் வலச் சில்லைக் கழற்றாமல் ஸ்பிரேயை அப்படியே அடித்தேன். கம்பிகளுக்கிடையால் புகை மாதிரிப் போய் டிஸ்கில் படிந்தது எனக்குத் தெரியவில்லை. திங்கள் காலை மரைன் டிரைவில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். கால் அமுங்குகிறது, கார் நிற்க மனமில்லாமல் போகிறது. கடைசி நொடியில் நின்றது, நின்றபின் பிரேக் கீச்சிட்டது. அன்று பின்னேரமே சில்லைக் கழற்றி, பிரேக் கிளீனர் அடித்து டிஸ்கைத் துடைத்தேன். டிஸ்குக்கு ஒரு சொட்டு மெழுகும் ஆகாது. சில்லைக் கழற்றிப் பூசு, இல்லையென்றால் துணியில் எடுத்துப் பூசு. நேரே ஸ்பிரே அடிக்கவே கூடாது.

கழற்றினால் இன்னொரு வசதி, றிம்மின் உள்வாய்க்கும் பூசலாம். தூள் தங்குவது அங்கேதான். திரும்பப் பூட்டும்போது நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, 103 நியூட்டன் மீற்றருக்கு ரோர்க் ஸ்பானரால் இறுக்கினேன். நட்டும் சில்லும் உட்காரும் முகத்தில் மெழுகு படக்கூடாது.

சில்லுகளுக்கும் ஒரு போட்டி வைத்தேன். முன்வலம், பின்னிடம் சிலிக்கா. முன்னிடம், பின்வலம் ஃபுஸ்ஸோ இரண்டு கோட், ஒரு நாள் இடைவெளி விட்டு. முன் பிரேக்குத்தான் பெரும்பாரம் சுமக்கிறது. அதனால் மூலைக்கு மூலை மாற்றினால்தான் நியாயம்.

பின்னிடச் சில்லில் ஒரு மனவருத்தம். நடைபாதைக் கல்லில் உரசிய பழைய கீறல் ஒன்றிலிருந்து, அலோயின் மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தது மாதிரி ஒரு கோடு இரண்டு விரல் நீளத்துக்குப் போயிருந்தது. உப்புத் தண்ணீர் கீறலால் உள்ளே போய், பூச்சுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே அரித்துக்கொண்டே போகும் நோய் அது. எந்தப் பேணியாலும் அதை நிறுத்த முடியாது. மேலே மெழுகு பூசினால் புண்ணுக்கு மேல் பவுடர் போட்டது மாதிரிதான். நானாவிடம் கொடுத்து, அரிப்பு முடியும் இடம்வரை உரஞ்சி எடுத்து, பிரைமர், பெயின்ற், லக்கர் என்று திரும்ப அடிப்பித்தேன். மெழுகின் வேலை அதற்கு முந்தையது: தூள் ஒட்டாமல் பார்ப்பது, உப்பு இலகுவாகக் கழுவுப்பட வைப்பது. கீறிய றிம்மைக் கீறியவுடனே அடைக்காவிட்டால் கடற்கரையில் அது சில மாதக் கதைதான்.

பிறகு பார்த்துக்கொண்டிருந்தேன். டாஷ்போர்டில் ஒரு கொப்பி, ஒவ்வொரு கழுவலுக்கும் இரண்டு வரி.

பெப்ரவரியில் மூன்று பட்டையிலும் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அழகில் கார்னௌபாதான் முதலிடம், அந்த உருண்டைகள் வேறு இரண்டிலும் வரவில்லை. மனிசிகூட அந்தப் பட்டையைத்தான் காட்டி, முழுக் காருக்கும் இதைப் போடுங்கோ என்றாள். மார்ச் நடுவில், ஒன்பது கிழமை ஆனபோது, அது செத்துவிட்டது. தண்ணீர் பாயாக விரிந்தது. ஷம்பூ போட்டுக் கழுவியும் திரும்பவில்லை. பனைப் பாசம் அத்தோடு சரி. சிலிக்கா ஏப்ரல் கடைசிவரை இழுத்தது, சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போய் வந்த நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சட்டென்று மங்கியது.

சில்லுகளில் முன்வலச் சிலிக்கா ஐந்து கிழமை, பின்னிடம் ஒன்பது. ஃபுஸ்ஸோ முன்னிடம் மூன்று மாதம், பின்வலம் ஐந்துக்குக் கிட்ட.

மே மாதம் காற்று திரும்பியது. மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பேய்மழை. கடல் மரைன் டிரைவுக்கே உப்புச் சாரலை அனுப்பியது. அந்த நாட்களில் கவனித்தேன்: வலப்பக்கக் கதவில் தண்ணீர் உருண்டு ஓடுகிறது, இடப்பக்கக் கதவில் படர்ந்து நிற்கிறது. ஒரே பேணி, ஒரே நாள், ஒரே கை. நாலரை மாதத்திலேயே இடப்பக்கம் தீர்ந்துவிட்டது, பேணியில் போட்ட 12 மாதமும் பொய் என்று கொப்பியில் எழுதி வைத்தேன்.

மழையில் திரும்பப் பூச முடியாது. அதனால் ஒரு மழை விட்ட காலையில், பூசும் நாள் வரும்போது வேலை குறையட்டும் என்று இடப்பக்கத்துக்கு இரும்பு மருந்து மட்டும் அடித்து, ஷம்பூவால் கழுவி, அலசினேன். அலசும்போது தண்ணீர் உருண்டு ஓடியது! இரண்டு முறை ஊற்றிப் பார்த்தேன். பூச்சு போகவில்லை. ரயில் தூளும் உப்பும் புகையெண்ணெயும் அதற்கு மேல் ஒரு படையாக மூடியிருந்திருக்கிறது. மூச்சு முட்டிக் கிடந்ததைப் பிணம் என்று நினைத்துவிட்டேன். கொப்பியில் எழுதியதை வெட்டினேன்.

கார்னௌபாப் பட்டைக்கும் அதே மருந்து அடித்துப் பார்த்தேன். எழும்பவில்லை. அது உண்மையாகவே போய்விட்டது.

அதற்குப் பிறகு இடப்பக்கம் ஓகஸ்ட் கடைசிவரை போனது. வலப்பக்கம் ஒக்டோபரில்தான் களைத்தது. பின்னேர வெயிலும் இடப்பக்கத்துக்குத்தான் என்பதால் பழி முழுவதையும் உப்பின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து ‘இந்தக் காருக்கு எத்தனை மாதம்’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. கூரை, பொனற், இடப்பக்கம் நாலு ஐந்து மாதத்துக்கு ஒருமுறை, அதிலும் ஒன்று ஏப்ரலில், காற்றுத் திரும்ப முன். வலப்பக்கமும் டிக்கியும் வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரியில். முன் சில்லுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பின் சில்லுகள், ரயர் மாற்றிப் பூட்ட எப்படியும் கழற்றும்போது, உள்வாயோடு சேர்த்து.

காற்று மாதங்களில் கிழமைக்கு ஒருமுறை வெறும் தண்ணீராலாவது உப்பை இறக்கிவிடுகிறேன், சில்லு வளைவுக்குள்ளும் சேர்த்து. இடப்பக்கத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரும்பு மருந்து. கிண்ணம் கழுவும் திரவம் குசினிக்குத் திரும்பிவிட்டது. காக்கை எச்சம் கண்டால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். வெயிலில் ஒரு நாள் கிடந்தால் மெழுகையும் தாண்டிப் பெயின்றில் தழும்பு போடும். தேய்க்காமல், நனைத்த ரிஷூவைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு, அள்ளி எடுக்கிறேன். கார் மூடும் துணியை விற்றுவிட்டேன். கடல் காற்றில் அது படபடவென்று அடிக்கும்போது உள்ளே மாட்டிய மணல் அரத்தாள் வேலை செய்கிறது. துடைக்கும் மைக்ரோஃபைபர் துணிகள் தனி வாளியில், துணி மென்மையாக்கும் திரவம் இல்லாமல் தோய்க்க வேண்டும். அது கலந்தால் துணி தண்ணீரை இழுக்காது. பழைய பெனியனை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்த வோச்சரிடம் இதைச் சொல்லி விளங்கப்படுத்தத்தான் கஷ்டப்பட்டேன். மனிசன் மனம் நோகக்கூடாது. இப்போது கண்ணாடிகள் மட்டும் அவருடைய பொறுப்பு.

காரைத் திருப்பி, வால்பக்கத்தை உள்ளே விட்டு நிறுத்தினால் வலப்பக்கம் கடலைப் பார்க்கும், இரண்டு கதவும் சமமாகத் தேயும் என்று மனிசி ஒரு யோசனை சொன்னாள். நல்ல யோசனைதான். அப்படி விட்டால் சாரதிப் பக்கக் கதவைத் திறக்கத் தூண் இடிக்கிறது.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்துவிட்டார்கள் என்றதும் மாமா தன் வாகன்-ஆரை விற்றுப் புதுசு எடுக்கப் புறப்பட்டார். விலைகளைக் கேட்டுவிட்டு ஒரு கிழமை பேப்பரே படிக்கவில்லை. போன ஞாயிறு கீழே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் இடப்பக்கக் கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“தம்பி, அந்த ஊதா மருந்து மிச்சம் கிடக்கே?”

“கிடக்கு மாமா. அடுத்த சனி உங்கடயைச் செய்வம்.”

“ஒரு பேணி எங்கட ரெண்டு காருக்கும் காணுமோ?”

“தாராளமாக் காணும். அதுக்கு முதல் டிக்கிக்குள்ள இருக்கிற மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து வையுங்கோ. அது பட்டால் பூசின மெழுகு முழுக்கப் போயிடும்.”

“அது கிடக்கட்டும் தம்பி,” என்றார் மாமா. “தார் ஒட்டினால் என்ன செய்யிறது?”